தூளி

சிப்காட்டில் என் வேலை
வெப்பமானிகளின் பொய்யைப் பிடிப்பது.
அரை டிகிரி பிசகினாலும் சிவப்பு வில்லை ஒட்டி
ஓரமாய் வைத்துவிடுவேன்.
ஞாயிறன்று நான் தேக்சாவில் செருகியதோ
சந்தையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கியது.
அறுபத்தேழு என்றது.
நம்பினேன்.

பை, பாகலூர் சாலை சையத் பாஷா தைத்தது.
வாயில் நாடா, அடியில் இரட்டைத் தையல்.
"எதுக்கு சார் இவ்ளோ பெரிசு?"
"பனீர் வடிகட்ட."
"எத்தனை எருமை?" என்றவர்
பதிலுக்குக் காத்திராமல்
ஊசியில் நூல் கோத்தார்.

நான்கு கிலோ பார்லி மால்ட்
பெங்களூரிலிருந்து பேருந்தில்
என் மடியில் உட்கார்ந்து வந்தது.
ஒரு கிலோ கேழ்வரகு, தேன்கனிக்கோட்டையில் வாங்கி
ஈரத்துணியில் முளைகட்டி
மொட்டை மாடியில் காயவைத்து
மிக்ஸியில் ஒரே சுற்று, மாவாகிவிடாமல்.
வெந்நீரில் கிடந்த பைக்குள்
கொட்டக் கொட்டக் கட்டி தட்டியது.
நல்லவேளை, களி கிண்டும் துடுப்பு இல்லாத வீடு
ஓசூரில் கிடையாது.

சூடு இறங்கக்கூடாது.
மூடிமேல் இரண்டு கம்பளி, போதவில்லை.
நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த
கோகிலவாணியின் போர்வையையும் உருவினேன்.
மார்கழிக் குளிரில் விழித்தவள்
அடுப்படியில் தேக்சா போர்த்தியிருப்பதைப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல்
அதை அணைத்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கினோம்.
தண்ணீருக்குள் இலேசாயிருந்த பை
வெளியே வர வரக் கனத்தது.
ஆளுக்கொரு நாடா பிடித்தும் கை நடுங்கியது.
விட்டத்தில் ஒரு கொக்கி,
முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது.
நான்கு வருடமாக நாங்கள் அதில்
ஒரு கொடிக்கயிறுகூடக் கட்டியதில்லை.
"அதில் மாட்டு" என்றாள்.

தண்ணி பில்லோடு மாடியேறிய முனிரத்தினம்மா
செருப்பைக் கழற்றி நிமிர்ந்தார்.
கனத்துத் தொங்கும் வெள்ளைத் துணி
மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.
"ஏம்மா, சொல்லவேயில்லையே" என்றார்,
தூக்கம் கலைந்துவிடாத குரலில்.

கோகிலா என்னைப் பார்த்தாள்.
நான் வெப்பமானியைப் பார்த்தேன்.
டொக், டொக் என்று
அடியில் சொட்டியது.

கிட்டே வந்தார். முகர்ந்தார்.
ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார்.
"கேவுரு. கூட இன்னும் என்னமோ."
"கஞ்சி" என்றேன்.
"சத்துக் கஞ்சி" என்று திருத்தினாள் கோகிலா.
"சக்கையைக் கொட்டிடாதீங்க, மாட்டுக்கு ஆகும்."
பில்லை மறந்துவிட்டு இறங்கிப் போனார்.

அப்புறம்தான் கொதி.
பச்சை மாத்திரைகளாய் ஹாப்ஸ் விழுந்ததும்
வேப்பம்பூவை எலுமிச்சைத் தோலோடு கசக்கியதுபோல்
வீடெங்கும் ஒரு கசப்பு.
ஜன்னல்களைச் சாத்தினாள்,
மூச்சு முட்டித் திறந்தாள்.
மீன்கடை ஐஸில் ஆறவைத்து
ஈஸ்ட் தூவிய இரவு முழுக்க
வாளிக்கருகே காதை வைத்துக் கிடந்தேன்.
விடியலில்தான் முதல் குமிழி,
விக்கல் மாதிரி.

திங்களன்று ஆய்வகத்தில் சோதித்தேன்.
ஆறு டிகிரி குறைத்துச் சொல்லியிருக்கிறது அந்தக் கழுதை.
நான் அறுபத்தேழு என்று போர்த்திக் காத்தது
எழுபத்து மூன்று.

மூன்று வாரம் கழித்து ஊற்றியபோது
நுரை வந்தது, நின்றது,
என்னைப் பார்த்து அடங்கியது.
கலங்கல் நிறம். போதை சொற்பம்.
ஈஸ்ட் தின்னமுடியாத இனிப்பெல்லாம்
அடிநாக்கில் அப்படியே தங்கியது.
வில்லை ஒன்று பையில் இருந்தது, சிவப்பு.
எடுத்தேன்.
"வெப்பமானிமேல் ஒட்டு" என்றாள் கோகிலா,
இரண்டாவது டம்ளரை நீட்டியபடி.

அலசிய பை இன்னும் அந்தக் கொக்கியில்தான்.
காய்ந்து நாளாயிற்று.
ஃபேன் போட்டால் ஆடுகிறது.
கழற்றப் போனால் "இருக்கட்டும்" என்கிறாள்.

கீழே முனிரத்தினம்மாவின் குரல்,
வாளி இடிபடும் சத்தத்தோடு:
"இந்த ஞாயித்துக்கிழமை கஞ்சி வைக்கலையா?
மாடு கேக்குது."